ஒரு முழுச் சுற்று

அந்த ஜனவரியில் கிழக்கேயிருந்து வந்த காற்று பெர்லினை விட்டுப் போவதாக இல்லை. தண்டவாளத்து ஜல்லிகூட உறைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. கிரைஃப்ஸ்வால்டர் நிலையத்து நடைமேடையில், படிக்கட்டு ஏறி முடிகிற இடத்தில், மார்லிஸ் வேலை பார்த்த ரொட்டிக் கடை. மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் தகரம். உள்ளே அடுப்பு இருந்ததால் உடம்புக்குச் சூடு உண்டு. ஜன்னலுக்கு வெளியே நீண்டு நீண்டு பன்னும் காப்பியும் கொடுக்கிற வலது கைக்குத்தான் கதியில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. உப்பு பட்டால் உயிர் போகும்.

அரைவேக்காட்டில் உறைந்து வந்த பன்களைத் தட்டில் பரப்பி அடுப்புக்குள் தள்ளுவது அவள் வேலை. வெட்டி வெண்ணெய் தடவுவது துயெத்தின் வேலை. துயெத் வியட்நாம்காரி. பெர்லின் சுவர் இருந்த காலத்திலேயே இளம்பெண்ணாகத் தையல் ஆலைக்கு வந்தவள். ஆலை போயிற்று, இவள் இங்கேயே தங்கிவிட்டாள். மார்லிஸை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, அடுத்தது வருது. நீங்க போங்க, நான் ஜன்னலைப் பார்த்துக்கறேன்."

மார்லிஸ் ஏற்கெனவே பையைக் கையில் எடுத்திருந்தாள். வெண்ணெய் தடவிய பன் இரண்டு, ஜாம் வைத்துப் பொரித்தது ஒன்று, மூடி போட்ட காப்பி. நடைமேடையின் கடைசிக்கு ஓடினாள். வட்ட ரயில் வந்து நின்றது. கடைசிப் பெட்டி, கடைசிக் கதவு. கதவோரம் நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான் அவள் மகன் ரிக்கோ.

நவம்பரிலிருந்து இப்படித்தான். நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றிச் சுற்றி வருகிற அந்த ரயில், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனைக் கொண்டுவந்து அவளுக்குக் காட்டிவிட்டுக் கொண்டுபோகும். சில நாள் கை நீட்டிப் பையை வாங்குவான். சில நாள் அவளைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். அப்போது பையை அவன் மடியில் வைத்துவிட்டு, கதவு மூடுவதற்குள் அவள் பின்னால் குதித்தாக வேண்டும். இரவில் ரயில் ஓய்கிற நேரத்தில் எங்கே கிடக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

இன்றைக்கு வாங்கிக்கொண்டான். "சூடா இருக்கா?" என்று மட்டும் கேட்டான். பதில் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

அவள் திரும்பி வந்தபோது கடை முன்னால் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட தண்டவாளத் தொழிலாளிகள் மூன்று பேர் நின்று, கடுகு தொட்டுத் தொட்டுச் சுடு தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தார்கள்.

"நல்லாத் தின்னுக்கோங்க. திங்கக்கிழமையிலிருந்து நாங்க அந்தப் பக்கம். இங்க வியாபாரம் படுத்துக்கும்" என்றான் அவர்களில் தாடிக்காரன்.

"எந்தப் பக்கம்?" என்றாள் துயெத்.

"தெற்க. ட்ரெப்டவர் பார்க்கிலிருந்து ஹெர்மன்ஸ்ட்ராசே வரைக்கும் தண்டவாளம் மாத்தறோம். ரெண்டு பக்கமும் ரயில் அங்கங்க நின்னு திரும்பிடும். நடுவுல பஸ். உங்க வட்டம் இனி வட்டமில்லம்மா, பிறை."

மற்ற இருவரும் சிரித்தார்கள். மார்லிஸ் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"பஸ்ஸுன்னா, ரயில்ல இருக்கறவங்க எல்லாரையும் இறக்கிடுவாங்களா?"

"பின்ன? தூக்கிட்டா போவாங்க? ஒருத்தர் விடாம இறக்கிட்டுத்தான் வண்டியைத் திருப்புவாங்க."

அன்று வெள்ளிக்கிழமை. வானொலி, வார முடிவில் குளிர் இன்னும் இறங்கும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த தட்டு பன் கருகும்வரை மார்லிஸ் அடுப்பைத் திறக்கவில்லை. துயெத்தான் திறந்தாள்.

"அக்கா, ஏப்ரனைக் கழட்டுங்க. அடுத்த சுத்துல ஏறிடுங்க. முதலாளி வந்தா வயித்துப்போக்குன்னு சொல்லிக்கறேன். வயித்துப்போக்குன்னா எவனும் மேல கேக்க மாட்டான்."

*

பெட்டியில் அவனைச் சுற்றி நான்கு இருக்கைகள் காலியாக இருந்தன. மற்ற இடமெல்லாம் ஆட்கள் நின்றுகொண்டுதான் வந்தார்கள். ஏன் என்று அவளுக்கு ஏறிய உடனே தெரிந்தது. இத்தனை நாள் கதவடியில் நின்று பை கொடுத்துவிட்டு ஓடியதில் அந்த நாற்றம் அவளுக்கு எட்டியதில்லை. குளிக்காத நாற்றம் மட்டுமல்ல அது. அதற்குக் கீழே இன்னொன்று, இனிப்பாக, கெட்டுப்போன இறைச்சிபோல.

"அங்க உக்காராதம்மா, ஈரம்" என்றான் ரிக்கோ. குரல் பழைய குரல்தான். பேச்சில் மரியாதை குறையாத பிள்ளை அவன், எப்போதும். "கடையை விட்டுட்டு வந்துட்டியா?"

"உன்கூட ஒரு சுத்து வரலாம்னு வந்தேன்."

"முழுசாவா?"

"முழுசா."

அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். இருபத்து நான்கு வயது. தாடி நெஞ்சு வரை இறங்கியிருந்தது. காலில் நாடா இல்லாத சப்பாத்து. அதன் வாயிலிருந்து பிளாஸ்டிக் பை எட்டிப் பார்த்தது.

"ரிக்கோ, ஷூவைக் கழட்டு. கால் பார்க்கணும்."

"கழட்டினா திரும்ப மாட்ட முடியாதும்மா. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"வலிக்குதா?"

"முதல்ல வலிச்சுது. இப்ப இல்ல. நல்லாயிடுச்சுன்னு நினைக்கறேன்."

அவள் குனிந்து பிளாஸ்டிக்கை விலக்கிப் பார்த்தாள். காலுறையும் தோலும் ஒன்றாகிவிட்டிருந்தன. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு. பிளாஸ்டிக்கைப் பழையபடி மூடிவிட்டு நிமிர்ந்தாள். எதிரே நின்ற பெண் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இறங்கலாம்டா. ஓஸ்ட்க்ராய்ட்ஸ்ல இறங்கி டாக்ஸி பிடிப்போம். டாக்டர் கட்டுப் போட்டதும் திரும்ப இங்கயே கொண்டுவந்து விடறேன்."

"முடியாதும்மா."

"ஒரே ஒரு மணி நேரம்."

"முடியாதுன்னு சொல்றேன்ல." கோபமில்லை. விளக்கிச் சொல்லப் பொறுமையில்லாத சலிப்பு.

ரயில் ஆற்றுப் பாலத்தின் மேல் போயிற்று. கீழே ஸ்ப்ரே ஆறு ஓரமெல்லாம் உறைந்து, நடுவில் மட்டும் கறுப்பாக ஓடியது. அவள் வேறு வழி தெரியாமல் அதைச் சொல்லிவிட்டாள்.

"திங்கக்கிழமையிலிருந்து இந்த ரயில் சுத்தாதுடா. இங்க, இந்த ட்ரெப்டவர் பார்க்கோட நிறுத்தப் போறாங்க. எல்லாரையும் இறக்கி விட்டுருவாங்க."

ஏன் சொன்னோம் என்று அடுத்த நொடியே ஆகிவிட்டது. அவன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"எங்க நிறுத்தறாங்க? யாரு சொன்னது? அறுந்துபோகுமா?"

"தண்டவாளம் மாத்தறாங்க. வேலை முடிஞ்சதும் திரும்பவும்..."

"அறுந்துபோகுமான்னு கேட்டேன்மா."

"கொஞ்ச நாளைக்கு."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காதோடு சொன்னான். இவ்வளவு நாளாக யாரிடமும் சொல்லாததை.

"வீடு உள்ள இருக்கு. வட்டத்துக்குள்ள. நீ, அப்பா, எல்லாம் உள்ள. தீ வெளிய இருக்கு. நான் சுத்திக்கிட்டே இருந்தா அது உள்ள வராது. அன்னைக்கு ஒரு தடவை நான் அசந்துட்டேன், சமையலறை வரைக்கும் வந்துடுச்சு. அப்பா கையைப் பார்த்தல்ல? இனிமே அசர மாட்டேன். எனக்கு இது பிடிச்சா செய்யறேன்னு நினைக்கற? எனக்கும் தூங்கணும்மா."

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று மருத்துவர்கள் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் வாதாடக் கூடாது. மார்லிஸ் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெஸ்ட்ஹாஃபென் தாண்டி, கப்பல் துறைமுகத்தின் பளுதூக்கிகள் தாண்டி, வெளிச்சம் மங்கி, திரும்பவும் தன் நிலையம் வரும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை. பிறகு அவனே அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

"இறங்கும்மா. நீ உள்ள போய் இரு."

*

வீட்டில் அவள் கணவன் லோதர் உருளைக்கிழங்கை இடது கையால் சீவிக்கொண்டிருந்தான். வலது கையின் தோல் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பளபளவென்று இழுத்துப் பிடித்திருந்தது. பஸ்ஸின் ஸ்டியரிங்கைச் சுற்ற முடிகிறது, கத்தி பிடிக்க முடியவில்லை. அடுப்பில் புகைபோட்ட பன்றிக் கொழுப்போடு காய்ந்த பட்டாணி வெந்துகொண்டிருந்தது. சமையலறைச் சுவரில் புது வெள்ளை அடித்த பகுதி மற்ற இடத்தோடு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது.

மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கடைசிக் கிழங்கையும் சீவி முடித்தான்.

"அவசர வண்டியைக் கூப்பிடு."

"கூப்பிட்டேன். அவர் வர மாட்டேன்னா நாங்க தொட முடியாதுங்கறாங்க. மனநல அலுவலகத்துக்கும் போன் பண்ணினேன். வயசு வந்தவர், யாருக்கும் ஆபத்துன்னு தெரியல, திங்கக்கிழமை பேசலாம்னு வச்சுட்டா அந்தப் பொம்பள. கால் அழுகுது லோதர்!"

"கத்தாத."

"நீ உண்மையைச் சொல்லிடு. அன்னைக்கு எண்ணெய் சிந்தித் தீப்பிடிச்சதுன்னு சொன்னது பொய்னு சொல்லு. அவன் வச்சான்னு சொல்லு. அப்ப அவங்களே வந்து தூக்கிட்டுப் போவாங்க."

"தூக்கிட்டுப் போவாங்க. வீட்டைக் கொளுத்தினவன்னு பேரும் வைப்பாங்க. அந்தப் பேர் சாகறவரைக்கும் கூட வரும். கோர்ட்டு, பூட்டு, கம்பி. அதுக்கா நான் ஆஸ்பத்திரியில பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொய் சொன்னேன்?"

"அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வா."

லோதர் கிழங்கை வெட்டிப் பானையில் போட்டான். சூடான கஞ்சி தெறித்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அவன் என்னைப் பார்த்துக்கிட்டே வச்சான், மார்லிஸ். திரைச்சீலையில. என்னையே பார்த்துக்கிட்டு. என்னைப் பார்க்கறான்னுதான் நினைச்சேன், ஆனா அந்தக் கண்ணுல நான் இல்ல. எவனோ நின்னான் அங்க. நான் இப்பவும் வெளியிலேர்ந்து வந்தா முதல்ல மோந்துதான் பார்க்கறேன், புகை இருக்கான்னு. வீட்டுக்குன்னு சொல்லாத. என்னால முடியாது."

"திங்கக்கிழமை அந்த இடத்துல ஓடற பஸ்ஸு உங்க கம்பெனிதானே?"

அவன் திரும்பினான்.

"ஆமா."

"நீயும் ஓட்டறியா?"

"போட்டிருக்காங்க."

"அவன் அங்கதான் வந்து இறங்குவான்."

"ஆயிரம் பேர் இறங்குவான். நான் பஸ் ஓட்டறவன். எவன் ஏறுறான்னு பார்க்கறது என் வேலையில்ல." கரண்டியைப் பானையில் விட்டுக் கிண்டினான். "சாப்பிடு. காலையிலேர்ந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்ட."

இருவரும் சாப்பிட்டார்கள். பட்டாணி நன்றாக வெந்திருந்தது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் ரயிலிலேயே கிடந்தாள். ரிக்கோ அவளைப் பக்கத்தில் உட்காரவிட்டான், பேசவில்லை. கொடுத்ததைத் தின்னவும் இல்லை.

*

திங்கட்கிழமை மதியம் தண்டவாள வேலை தொடங்கியது, பனியும் விழ ஆரம்பித்தது. ட்ரெப்டவர் பார்க்கில் ரயில் நின்றது. இதோடு வண்டி முடிகிறது, அனைவரும் இறங்கவும் என்று அறிவிப்பு வந்தது. பெட்டி காலியாயிற்று. ரிக்கோ கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெற்றியில் வேர்வை.

மஞ்சள் சட்டை போட்ட ஆள் ஒருவன் உள்ளே வந்தான். "இறங்குங்க, இறங்குங்க. வண்டி திரும்பணும்."

"அவனுக்கு உடம்பு சரியில்ல. ஒரு நிமிஷம் கொடுங்க" என்றாள் மார்லிஸ்.

"எல்லாருக்கும்தான் சரியில்ல இந்தக் குளிர்ல. போலீஸைக் கூப்பிடட்டுமா, இல்ல நீங்களே இறக்கறீங்களா?"

அவள் மகன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பொய் சொல்லப் போகிறோம் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"ரிக்கோ, கேளு. வட்டம் அறுந்துபோகல. இந்த இடத்துல மட்டும் அது ரோட்டு மேல போகுது. பஸ்ல. அதே வட்டம்தான். நீ பஸ்ல ஏறினா அறாது. இங்கயே உக்காந்திருந்தாத்தான் அறுந்துபோகும்."

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்தான். நடக்கும்போது குதிகாலை மட்டும் ஊன்றி, மரக்கால்காரன்போல நடந்தான்.

கீழே சாலையோரம் ஜனம் முண்டியடித்தது. முதலில் வந்த இரட்டைப் பெட்டி பஸ்ஸின் முன்கண்ணாடியை மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். யாரோ ஒரு பெண் ஓட்டுநர். இடமில்லை. இரண்டாவதில் ஒரு வழுக்கைத் தலை. ரிக்கோ அவள் கையை நெரித்தான்.

"நேரமாகுது. நிக்கக் கூடாதும்மா. நின்னா உள்ள வந்துடும். எனக்குப் புகை வாடை வருது."

"இதோ, அடுத்ததுல ஏறிடலாம்."

அடுத்தது லோதருடையது. தலையில் அந்தப் பழைய கம்பளிக் குல்லா. அவன் இவர்களைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் நடுக்கதவிலும் பின்கதவிலும் நெருக்கியடித்து ஏற, ரிக்கோ மட்டும் முன்கதவில் போய் நின்றான்.

"இது சுத்துமா?" என்று கேட்டான்.

லோதரின் தலை மெதுவாகத் திரும்பியது. மகனின் தாடியை, பிளாஸ்டிக் கட்டிய காலை, பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தான். வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.

"சுத்தும். ஏறு" என்றான் லோதர்.

ரிக்கோ ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்தான். தகப்பனை அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பஸ் கிளம்பியது. சூடு பட்டதும் காலிலிருந்து நாற்றம் எழுந்தது. நரித்தோல் கழுத்துப்பட்டை போட்ட ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு உரக்கச் சொன்னாள்.

"இதையெல்லாமா ஏத்துவீங்க? நாங்க காசு கொடுத்து வர்றோமா, சும்மா வர்றோமா?"

ஒலிபெருக்கி கரகரத்தது. "நாத்தம் பொறுக்காதவங்க அடுத்த நிறுத்தத்துல இறங்கி நடக்கலாம். வெளிய காத்து நல்லா வீசுது. அதுக்குக் காசு கேக்க மாட்டாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். மார்லிஸ் கணவனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

ஹெர்மன்ஸ்ட்ராசேயில் எல்லாரும் இறங்கினார்கள். ரிக்கோ எழுந்தான், ஓரடி வைத்தான், அப்படியே முன்னால் விழுந்தான். சப்பாத்து ஒன்று கழன்று படிக்கட்டில் உருண்டது. லோதர் ஓட்டுநர் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தவன், அந்தக் காலைப் பார்த்துவிட்டான்.

மூன்று விரல் கறுத்திருந்தது. அதற்கு மேலே ஊதா.

"ரயிலைப் பிடிக்கணும். மேல ரயில் நிக்குது" என்றான் ரிக்கோ, தரையில் கிடந்தபடி.

லோதர் மகனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். எரிந்த தோல் இழுபட்டதில் அவன் வாய் கோணியது. இருக்கையில் உட்கார வைத்துவிட்டுப் போய்க் கதவுகளை மூடினான். வெளியே பனியில் காத்திருந்தவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். ஒருவன் காலால் உதைத்தான். பஸ்ஸின் நெற்றிப் பலகையில் 'சேவையில் இல்லை' என்று மாற்றிவிட்டு, லோதர் வண்டியைச் சாலை நடுவுக்கு எடுத்தான்.

"எங்க போற?" என்றாள் மார்லிஸ்.

"எங்க போவாங்க இந்தக் காலை வச்சுக்கிட்டு?"

வானொலிக் கருவியில் ஒரு குரல் கத்தியது. எங்கே போகிறாய், உன் நிறுத்தத்தில் கூட்டம் நிற்கிறது, திரும்பு என்றது. லோதர் அதை அணைத்தான்.

ரிக்கோ வெளியே பார்த்தான். இது அவன் வழியில்லை என்று புரிந்துவிட்டது. "அப்பா" என்றான். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை. "அப்பா, வட்டத்தை விட்டுப் போறோம். திருப்பு. தீ உள்ள போயிடும், அப்பா!"

எழுந்து ஸ்டியரிங் பக்கம் பாய்ந்தவனை மார்லிஸ் இடுப்போடு கட்டிக்கொண்டாள். அவனுக்கு எடையே இல்லை.

"நீ ஆஸ்பத்திரியில படு. நான் சுத்தறேன்" என்றான் லோதர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரிக்கோவின் திமிறல் நின்றது.

"நீயா?"

"நான்தான்."

"உனக்கு வேலை இருக்கு."

"இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல இருக்காது. சும்மாத்தான் இருப்பேன்."

"முழுசாச் சுத்தணும். நடுவுல இறங்கக் கூடாது."

"இறங்க மாட்டேன்."

"வீடு வந்தாலும்?"

"வந்தாலும்."

ரிக்கோ தாயின் மேல் சாய்ந்தான். அடுத்த சிக்னலுக்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான்.

*

அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் இளம்பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவனை உள்ளே எடுத்துப்போன பிறகு இவர்களை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டாள்.

"விரல்கள் போகும். பாதத்தைக் காப்பாத்தப் பார்க்கறோம். காய்ச்சலும் இருக்கு. கட்டு போடச் சம்மதிச்சிருக்காரு."

"அப்புறம்?" என்றாள் மார்லிஸ்.

"மனநல வார்டுலேயும் ஒருத்தர் வந்து பார்ப்பாங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அவரா வந்திருக்காரு. நாளைக்குக் காலையில போறேன்னு சொன்னா, நாங்க பிடிச்சு வைக்க முடியாது. குளிருக்கு நிறையப் பேர் வர்றாங்க, வெயில் அடிச்சாப் போயிடறாங்க. அவரால யாருக்காவது ஆபத்துன்னு நிச்சயமாத் தெரிஞ்சா அது வேற. அதை நீதிபதி முடிவு பண்ணுவாங்க."

அறையில் வெந்நீர்க் குழாய் டொக் டொக்கென்று தட்டியது. மார்லிஸ் கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சியதுபோல் ஆகிவிடும்.

லோதர் கோட்டைக் கழற்றினான். சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கைவரை சுருட்டி, கையை மேஜைமேல், மருத்துவரின் முன்னால் வைத்தான்.

"இது எண்ணெய்ச் சட்டி இல்ல" என்றான். "முன்ன உங்க ஆளுங்ககிட்ட எண்ணெய்னு சொன்னேன். அது பொய். என் பையன் சமையலறையில தீ வச்சான். நான் உள்ள இருக்கும்போது. தெரிஞ்சே வச்சான். திரும்பவும் வைப்பானான்னு கேட்டா, மாட்டான்னு சொல்ல எனக்குத் தைரியமில்ல. எழுதிக்கோங்க."

அவள் எழுதிக்கொண்டாள். "காவல்துறைக்கும் போகும் இது. புரியுதா?"

"புரியுது."

"அவருக்குத் தெரிய வேணாமா, நீங்க சொன்னது?"

"தெரியாம இருக்குமா? நாளைக்குக் கதவு திறக்கலைன்னா தெரிஞ்சுக்குவான்."

திரைக்கு அந்தப் பக்கம் ரிக்கோ கட்டிலில் கிடந்தான். ஊசி போட்டிருந்தார்கள். பாதி கண்தான் திறந்திருந்தது. தகப்பனைப் பார்த்ததும் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். "கிளம்பலியா இன்னும்?"

"இதோ" என்றான் லோதர்.

தள்ளுகட்டிலோடு அவனைக் கொண்டுபோனார்கள். கடைசியில் ஒரு கதவு. செவிலியன் சாவி போட்டுத் திறந்தான், உள்ளே போனதும் திரும்பப் பூட்டுகிற சத்தம் கேட்டது. மார்லிஸ் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள். மூன்று மாதமாக எங்கே கிடக்கிறானோ என்று துடித்தவளுக்கு, இன்று அவன் எங்கே கிடக்கிறான் என்று தெரியும். அது தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை.

வெளியே கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பேர் பஸ்ஸைச் சுற்றி நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளன் லோதரிடம் கை நீட்டினான். லோதர் சாவியைக் கொடுத்தான்.

"ஏம்ப்பா, இருபது வருஷம் ஓட்டினவன் நீ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

மேற்பார்வையாளன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டில் கொண்டுவிடட்டுமா என்று மட்டும் கேட்டான். லோதர் வேண்டாம் என்று தலையாட்டினான்.

ஹெர்மன்ஸ்ட்ராசேயில் ரயில் ஏறும்போது மணி நாலுதான், இருட்டிவிட்டது. வடக்கே அவர்கள் வீட்டுப் பக்கம் குறுக்கே போகச் சுரங்க ரயில் இருந்தது. மார்லிஸ் அதைச் சொன்னாள். லோதர் ரயிலில் ஏறிக் கதவோரம் உட்கார்ந்தான்.

ஒவ்வொரு நிலையமாகப் போயிற்று. வேலை விட்டு வருகிற கூட்டம் ஏறி, இறங்கி, ஏறியது. லோதர் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தான். ஜன்னலில் அவன் முகம்தான் தெரிந்தது. கையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தான். மருந்து வீட்டில் இருக்கிறது.

வெஸ்ட்ஹாஃபெனுக்கு முன்னால் மார்லிஸ் கேட்டாள். "அவன் தூங்கிட்டிருப்பான், லோதர். நாம சுத்தறமா இல்லியான்னு அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"தெரியாது."

"பின்ன?"

எதிரே ஒரு குழந்தை ரொட்டித் துண்டை நனைத்து நனைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"கதவைப் பூட்டுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்கு அவன் என்னை என்னன்னு நினைப்பானோ நினைக்கட்டும். நான் சொன்னதுல இது ஒண்ணாவது பொய்யா இருக்கக் கூடாது."

கிரைஃப்ஸ்வால்டர் வந்தது. கால் பழக்கம், மார்லிஸ் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டாள். கதவு திறந்தது. குளிர் முகத்தில் அடித்தது. படிக்கட்டு, அதற்குக் கீழே தெரு, தெருவைத் தாண்டினால் வீடு. பானையில் வெள்ளிக்கிழமை வைத்த பட்டாணி மிச்சம் இருந்தது, சுட வைத்தால் போதும். அவள் திரும்பிப் பார்த்தாள்.

லோதர் எழுந்திருக்கவில்லை.

"வா, உக்காரு" என்றான். "இன்னும் முடியல."

கதவு மூடுவதற்கான மணி அடித்தது. மார்லிஸ் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.